திருப்பிக் கொடுத்த ஸ்பேனர்

கும்மிடிப்பூண்டியை ஒட்டிய எங்கள் பள்ளியில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவியின் பைத்தான் நிரல், கோப்பை மூடும் வரிக்கு முன்பே பிழையால் நின்றது. பைத்தான் சாளரம் திறந்தே இருந்தது. மதிப்பெண் கோப்போ வெறுமையாக இருந்தது.

“சிப்காட்டில் அப்பா டோக்கன் கொடுத்து வாங்கிய ஸ்பேனரை எப்போது திருப்புவார்?” என்றேன்.

“வேலை பாதியில் நின்றாலும் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வருவார், மிஸ்.”

காமன் லிஸ்ப் மொழியின் ‘அன்வைண்ட்-புரொடெக்ட்’ இதே விதிதான்: பிழை வந்தாலும் மூடிவிட்டே வெளியேறும். 1960-இல் ஜான் மெக்கார்த்தி லிஸ்புக்காக விவரித்த குப்பைச் சேகரிப்பு நினைவகத்தை மீட்கும். எப்போது என்பது உறுதியில்லை. அதைச் சார்ந்து இயங்கும் ‘ஃபைனலைசர்’ கோப்பை மூடும் எனக் காத்திருப்பது, ஆயுதபூஜைக்குப் பட்டறையைச் சுத்தம் செய்யும்போது ஸ்பேனர் கிடைக்கும் என்று இருப்பதைப் போன்றது.

பைத்தானில் ‘வித்’ எழுதவைத்தேன். பிழை மீண்டும் வந்தது; அதுவரை எழுதிய மதிப்பெண்கள் கோப்பில் இருந்தன. வேண்டுமென்றே ஒரு பிழையை வைத்து நீங்களும் செய்துகாட்டுங்கள்.