8.10 வண்டி

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நான்கு பக்கம், நீல மை, கடைசிப் பக்க ஓரத்தில் எண்ணெய்க் கறை. அம்பத்தூர் எஸ்டேட்டில் சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறீர்கள். வயது 26. பாடியில் மூன்று பேரோடு அறை. போன மாதம் 6,000 ரூபாய் கட்டி, முகப்பேரில் ஒரு மாடி அறையில் நடந்த இரண்டு நாள் வகுப்புக்குப் போயிருக்கிறீர்கள். பெண்களிடம் எப்படிப் பேசுவது, எப்படி மயக்குவது என்பதற்கான வகுப்பு. உங்களைச் சேர்த்துப் பதினொரு பேர். சனிக்கிழமை பாடம், ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய மாலில் 'ஃபீல்டு'. முன்பின் தெரியாத பெண்களிடம் நேரே போய்ப் பேச வேண்டும், ஆளுக்குப் பத்துப் பேர் கணக்கு. முடியாதவர் மற்ற பத்துப் பேருக்கும் டீ வாங்கித்தர வேண்டும். டீ வாங்கியது நீங்கள் ஒருவர்தான். 'இது தப்பா சார், இல்ல எனக்குத்தான் வரலையா?' என்று முடித்திருக்கிறீர்கள்.

பதில் எழுத உட்கார்ந்த போதெல்லாம் 1997-இல் அம்பத்தூர் ஸ்டேஷன் நடைமேடையில் நின்ற நான்கு பேர் குறுக்கே வந்தார்கள். அதில் ஒருவன் நான். அதனால்தான் தாமதம்.

அப்போது இதற்கு வகுப்பு கிடையாது. ரூட்டு விடுவது என்று பெயர். எங்களில் மூத்தவன்தான் வாத்தியார். அவனுக்கும் எங்களைவிட ஒரு வயதுதான் கூட. தினமும் ஒரே தூணுக்குப் பக்கத்தில் நில், முதல் வாரம் பார்க்க மட்டும் செய், இரண்டாவது வாரம் மணி கேள், மூன்றாவது வாரம் பின்னால் நடந்து போ, ஆனால் பத்தடி தள்ளி. அவள் சிரித்தால் வெற்றி. முறைத்தாலும் வெற்றி, 'கவனிச்சிட்டா மச்சான்' என்று அர்த்தம். துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேகமாக நடந்தால் வெட்கம். இந்த அகராதியில் 'வேண்டாம்' என்பதற்குச் சொல்லே இல்லை என்பதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

ஆவடிப் பக்கமிருந்து 8.10 வண்டியில் வந்து இறங்குகிற ஒரு பெண்ணுக்காக எங்களில் ஒருவன் நான்கு மாதம் நின்றான். அவன் நின்றால் நாங்களும் நின்றோம். பெயர் தெரியாது, எஸ்டேட்டில் ஏதோ எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை என்று ஊகம். ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. கல்யாணம் ஆகிவிட்டது என்று நாங்களே முடிவுகட்டி, அன்று சாயங்காலம் அவனுக்குப் பரோட்டா வாங்கிக்கொடுத்து ஆறுதல் சொன்னோம்.

இதை அப்படியே வைத்திருங்கள், திரும்ப வருகிறேன்.

உங்கள் வாத்தியார் சொன்னது எதுவும் அவர் கண்டுபிடித்ததல்ல. ஒரு பெண்ணைப் பார்த்த மூன்று விநாடிக்குள் போய்ப் பேசிவிட வேண்டும், பாராட்டுவது மாதிரி ஆரம்பித்து லேசாக மட்டம் தட்ட வேண்டும், கூட்டமாக நின்றால் முதலில் தோழிகளைக் கவர வேண்டும் என்று நீங்கள் நோட்டில் குறித்துவைத்த அத்தனையும் பழைய அமெரிக்கச் சரக்கு. 1990-களில் ராஸ் ஜெஃப்ரீஸ் என்பவர் மனவசியப் பேச்சு என்று சொல்லி இதைக் காசாக்கினார். அவருக்குப் பின் வந்தவர் எரிக் வான் மார்கோவிக். கனடாக்காரர், மேஜிக் நிபுணர், 'மிஸ்டரி' என்று தனக்கே பெயர் சூட்டிக்கொண்டவர். இவர்களோடு சேர்ந்து பழகி, கற்று, தானும் ஒரு வாத்தியாராகிவிட்ட பத்திரிகையாளர் நீல் ஸ்ட்ராஸ் 2005-இல் 'தி கேம்' என்ற புத்தகத்தை எழுதினார். கறுப்பு அட்டை, தங்க விளிம்பு, பார்த்தால் பைபிள்தான். மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் எனக்கு 80 ரூபாய்க்குக் கிடைத்தது. உங்களுக்கு அனுப்பலாமா என்று கூட யோசித்தேன்.

ஏனென்றால், அந்தப் புத்தகத்தைக் காட்டிப் பிழைக்கிற வாத்தியார்கள் சொல்லாத ஒன்று அதன் முதல் பக்கங்களிலேயே இருக்கிறது. உலகத்திலேயே பெரிய மயக்குக் கலைஞர் என்று பெயர் வாங்கிய மிஸ்டரி அங்கே மனம் உடைந்து கிடக்கிறார். ஸ்ட்ராஸ் அவரைச் சிகிச்சைக்குக் கூட்டிப்போகிறார். இந்தக் கலையில் தேறிய சிலர் ஹாலிவுட்டில் ஒரு பங்களாவை வாடகைக்குப் பிடித்துச் சேர்ந்து குடியிருந்தார்கள். அது சண்டையில் கலைந்தது. எல்லா வித்தையும் தெரிந்த ஆண்களுக்கு ஒரே வீட்டில் தங்களுக்குள் ஒத்துப்போகத் தெரியவில்லை. ஸ்ட்ராஸ் 2015-இல் இன்னொரு புத்தகம் எழுதினார், 'தி ட்ரூத்'. காதலித்த ஒரு பெண்ணுக்கு உண்மையாக இருக்க முடியாமல் தானே சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்த கதை அது. இதே தொழிலில் இருந்த ஜூலியன் பிளாங்க் என்பவர், பெண்களின் கழுத்தில் கைவைக்கிற படங்களும் காணொளிகளும் வெளியாகி, 2014-இல் ஆஸ்திரேலியாவில் விசாவை இழந்தார். பிரிட்டன் உள்ளேயே விடவில்லை.

நம் ஊரில் இது சினிமாவில் காமெடியாக வந்தது. 2013-இல் 'தீயா வேலை செய்யணும் குமாரு' படத்தில் சந்தானம் ஐ.டி. கம்பெனிப் பையனுக்குக் காசு வாங்கிக்கொண்டு காதல் யோசனை விற்பார். அதே வருடம்தான் 'வருத்தப்படாத வாலிபர் சங்க'மும் வந்தது. நானும் சிரித்தவன்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், நம் படங்களில் கதாநாயகனின் நண்பன் எத்தனை கலாய்த்தாலும் 'அந்தப் பொண்ணுக்குப் பிடிக்கல, வா போலாம்' என்று மட்டும் சொல்வதே இல்லை.

பழைய தமிழில் இந்த நண்பனுக்குப் பாங்கன் என்று பெயர். தொல்காப்பியம் தொட்டு அகப்பொருள் இலக்கணத்தில் அவனுக்குத் தனி இடம் உண்டு. காதலில் உருகி நிற்கும் தலைவனிடம் அவன் முதலில் செய்வது உதவியல்ல. கழறுவது, அதாவது கண்டிப்பது. உன் அறிவு எங்கே போயிற்று, நிதானம் எங்கே போயிற்று என்று கேட்பான். அதற்குப் பிறகுதான் மற்றது. தோழி பக்கமும் அப்படித்தான். தலைவன் கொண்டுவரும் தழையை வாங்க மறுப்பாள், இன்று போய் நாளை வா என்று தள்ளிவைப்பாள். அதற்குச் சேட்படை என்று ஒரு தனிப் பகுதியே இருக்கிறது. எல்லாம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. பனை மடலில் குதிரை செய்து ஏறித் தெருவில் வருவேன் என்று தலைவன் மிரட்டுவதையும் அதே இலக்கணம்தான் துறையாக வைத்திருக்கிறது. எனக்கு அது கையில் பிளேடு கீறிப் படம் அனுப்புவதற்கு மூத்த அண்ணனாகத்தான் படுகிறது. ஆனாலும் கண்டிக்கிற நண்பன் ஒருவன் அந்த ஏற்பாட்டில் இருந்தான். எங்கள் நடைமேடையில் நான்கு பேர் இருந்தும் பாங்கன் ஒருவன் இல்லை. உங்கள் பதினொரு பேரில் இருந்தானா?

சரி, அந்த 8.10 வண்டி.

என் மனைவி பட்டாபிராம்காரர். கல்யாணத்துக்கு முன் அவரும் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில்தான் வேலை பார்த்தார். (அந்தப் பெண் இவரல்ல, சினிமா மாதிரி எதிர்பார்க்காதீர்கள்.) உங்கள் கடிதம் வந்த அன்று இந்தப் பழைய கதையை அவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். இத்தனை வருடத்தில் சொன்னதே இல்லை. அவர் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"கல்யாணம் ஆயிருக்காது. 7.40-க்கு மாறியிருப்பா."

அவரே ஒன்றரை வருடம் அப்படி வண்டி மாறியவர். அரை மணி முந்தைய வண்டி என்றால் அரை மணி முந்திய விடியல். நாலரைக்கு எழுந்து, அடிபம்பில் தண்ணீர் பிடித்து, தம்பிக்கும் அப்பாவுக்கும் டிபன் கட்டிவிட்டு ஓட வேண்டும். கம்பெனி கேட் திறக்க அரை மணி இருக்கும்போதே போய்ச் சேர்ந்து வாசல் படியில் உட்கார்ந்திருப்பார். தனியாக அல்ல, அந்தப் படியில் தினமும் ஏழெட்டுப் பேர் இருப்பார்களாம். எல்லோருமே ஏதோ ஒரு தூணுக்கு, ஏதோ ஒரு டீக்கடைக்கு, ஏதோ ஒரு சைக்கிளுக்குப் பயந்து வண்டி மாறியவர்கள். வீட்டில் சொல்ல முடியாது. சொன்னால் வேலையை விடு என்பார்கள். அவருக்காக நின்றவனின் முகம்கூட அவருக்கு நினைவில்லை. "ஒரு ஆளா இருந்தா ஞாபகம் இருக்கும். கூட்டமா நிப்பீங்களே" என்றார். 'நிப்பாங்களே' என்று சொல்லவில்லை.

நாங்கள் நடைமேடையில் நின்றதற்கு அடுத்த வருடம், 1998-இல், எத்திராஜ் கல்லூரி மாணவி சரிகா ஷா, ஆட்டோவில் கூட்டமாக வந்த இளைஞர்களின் சீண்டலில் கீழே விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார். தமிழ்நாட்டில் ஈவ்டீசிங் தடைச் சட்டம் வந்தது அதற்குப் பிறகுதான். அன்று ஆட்டோவில் இருந்தவர்களும் வீட்டில் யாருக்கோ நல்ல பிள்ளைகளாகத்தான் இருந்திருப்பார்கள். சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒன்று. உங்கள் நோட்டில் 'விடாமுயற்சி' என்ற தலைப்பில் எழுதிவைத்திருப்பதை, பாரதிய நியாய சன்ஹிதா 78-ஆம் பிரிவோடு பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஆர்வமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது, தொடர்புகொள்ள முயல்வது. முதல் முறை என்றால் மூன்று வருடம் வரை சிறை. உங்கள் வாத்தியார் பாடமாக வைத்திருப்பதை அது குற்றமாக வைத்திருக்கிறது.

இவ்வளவு சொன்னாலும் அந்த வகுப்புக்கு நீங்கள் போனதில் எனக்குக் கோபமில்லை. பத்தாம் வகுப்பு வரை ஆண்கள் பள்ளி. அப்புறம் பெண்களோடு பேசினால் வீட்டுக்குப் போன் போடுகிற கல்லூரி. பஸ்ஸில் இடப்பக்கம் அவர்கள், ரயிலில் தனிப் பெட்டி அவர்களுக்கு. இப்படிப் பிரித்துப் பிரித்து வளர்த்துவிட்டு 26 வயதில் 'இன்னும் ஒண்ணும் அமையலையா' என்று ஊரே கேட்கிறது. ஜாதகம் கொண்டுபோனால் சொந்த வீடு உண்டா, கம்பெனி எம்.என்.சி.யா என்கிறார்கள். எங்கேயாவது போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று தோன்றாமல் என்ன செய்யும்?

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம் இரண்டு. ஒன்று சனிக்கிழமை இரவு. பாடம் முடிந்து வாத்தியார் கிளம்பிய பிறகு, பூந்தமல்லியிலிருந்து வந்த 34 வயதுக்காரர் ஒருவர், பெண் பார்க்கப் போன இடங்களில் எல்லாம் தன்னை வேண்டாம் என்று சொன்னதைச் சொல்லி அழுதிருக்கிறார். பதினோரு மணி வரை யாரும் எழுந்து போகவில்லை, ஆளாளுக்கு மனதில் இருந்ததைச் சொன்னோம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறாயிரத்தில் ஏதாவது பயன் இருந்தது என்றால் அது அந்த மூன்று மணி நேரம்தான் என்பது என் கணக்கு. அதற்கு வாத்தியார் தேவைப்படவில்லை, கவனித்தீர்களா? அந்தப் பூந்தமல்லிக்காரரின் நம்பர் இருந்தால் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, போகிற போக்கில் எழுதிய வரி. பக்கத்து மெஷினில் ஒரு பெண் வேலை செய்கிறார், டூல் உடைந்தால் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வீர்கள், டிபன் மாற்றிக்கொள்வீர்கள். 'அவங்க வேற சார், அவங்ககிட்ட சகஜமா பேசுவேன்' என்கிறீர்கள். அப்படியானால் வரவில்லை என்பது எது? பேச்சு வருகிறது. மாலில் பயந்து நின்ற ஒரு பெண்ணிடம் மூன்று விநாடியில் போய் நிற்பதுதான் வரவில்லை. திருக்குறளில் குறிப்பறிதல் என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன, 71-ஆவதும் 110-ஆவதும். அரசவைக்கு ஒன்று, காதலுக்கு ஒன்று. எதிரே இருப்பவர் முகத்தைப் படிக்கிற வேலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான் போலிருக்கிறது. அந்த வேலையைச் செய்துவிட்டு நீங்கள் டீக்கடைப் பக்கம் நடந்தீர்கள். (இதைப் படித்துவிட்டுப் பக்கத்து மெஷின்காரரிடம் புதிதாக எதையாவது ஆரம்பித்துவிடாதீர்கள். டிபன் மாற்றிக்கொள்வது டிபன் மாற்றிக்கொள்வதாகவே இருக்கட்டும்.)

பத்து டீக்கு எவ்வளவு ஆயிற்று என்று எழுதவில்லை. மால் விலை என்றால் கொஞ்சம் அதிகம்தான்.

அன்புடன்,
உங்கள் பழைய அம்பத்தூர்க்காரன்

பி.கு.: கடிதத்தை என் மனைவியும் படித்தார். உங்களைத் தவிர மற்ற பத்துப் பேரும் ஆளுக்குப் பத்துப் பெண்களிடம் பேசினார்கள் என்றால் ஒரே நாளில் நூறு பெண்கள் ஆகிறது. அடுத்த ஞாயிறு அந்த நூறு பேரும் எந்த மாலுக்குப் போனார்கள் என்று உங்களிடம் கேட்கச் சொன்னார்.