பிரதிநிதியின் வேலைக் கணக்கு

தோட்டத்தில் கணக்குப் பார்ப்பது நமக்குப் புதிதன்று. பறித்த கொழுந்தைத் தராசில் தொங்கவிடும்போது முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கிறோம். ஈரத்துக்கும் சாக்குக்கும் எவ்வளவு கழிக்கிறார்கள் என்று கவனிக்கிறோம். சம்பளத் துண்டு கைக்கு வந்ததும், எத்தனை பேர் விழுந்திருக்கிறது, எந்த நாளுக்கு அரைப்பேர் போட்டிருக்கிறார்கள் என்று விரல்விட்டு எண்ணுகிறோம். ஒரு நாள் குறைந்தாலும் கேட்காமல் விடுவதில்லை.

ஒரு நாட் சம்பளத்துக்கு இவ்வளவு கணக்குப் பார்க்கும் நாம், ஐந்து ஆண்டு வரை நமக்காகப் பேசும்படி பாராளுமன்றத்துக்கு அனுப்பியவரின் வேலைக்குக் கணக்குப் பார்க்கிறோமா? அவர் எந்தச் சட்டமூலத்துக்குச் சார்பாக வாக்களித்தார்? எதனை எதிர்த்தார்? எந்த அமைச்சரிடம் என்ன வினா எழுப்பினார்? அதற்கு என்ன விடை கிடைத்தது? நம்மில் பெரும்பாலோருக்கு இவை தெரியா. அவர் கொடுத்த கூரைத் தகரமும், திருவிழாவுக்கு வந்து போட்ட மாலையும் மட்டுமே நினைவில் இருக்கின்றன. இக்கணக்கைக் குடும்பமாகப் பார்ப்பது எப்படி என்பதே இவ்வாரப் பாடம்.

1. சபையில் விழும் வாக்கு நமது வீட்டையும் தொடும்

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரசின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். அவர்களுள் ஒருவர், இரட்டை அங்கத்தவர் தொகுதியாக இருந்த பதுளையில் தெரிவான எஸ். எம். சுப்பையா. அன்று ஊவாத் தோட்டங்களில் உழைத்த மக்களுக்கு வாக்கு இருந்தது. அவ்வாக்குக்குப் பலமும் இருந்தது.

அந்தப் பலம் ஓராண்டுக்குள் சபையிலேயே ஆட்டங்கண்டது. இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டமூலம் 1948 ஓகஸ்ட் 20ஆம் திகதி 53 வாக்குகள் சார்பாகவும் 35 வாக்குகள் எதிராகவும் விழ, இரண்டாம் வாசிப்பில் நிறைவேறியது. இடையில் நின்றவை 18 வாக்குகளே. 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குரிமையைப் பிரஜாவுரிமையோடு கட்டிப்போட்டது. 1952 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரசிலிருந்து ஒருவர்கூடத் தெரிவாகவில்லை.

இழந்ததை மீட்க எத்தனை ஆண்டுகள் சென்றன என்று பாருங்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 1986, 1988 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள், இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் என்று அரை நூற்றாண்டுக்கு மேல் இழுபட்டது. இக்காலத்தில் எத்தனை குடும்பங்கள் பிரிந்து கப்பலேறின! பாட்டன் பாட்டிமார் விண்ணப்பப் படிவங்களோடு கச்சேரிப் படியேறிய கதை ஊவாவில் பல லயங்களில் இன்றும் சொல்லப்படுகிறது. இத்தனைக்கும் தொடக்கம், சபையில் சிலர் ஒரு பக்கமும் சிலர் மறுபக்கமும் வாக்களித்த ஒரு நாள். ஆகவே, “பாராளுமன்றத்தில் எவர் எப்படி வாக்களித்தால் நமக்கென்ன?” என்று பிறர் கேட்கலாம், நாம் கேட்க முடியாது.

2. நினைவு வேறு, பதிவு வேறு

அதே காலத்திலிருந்து இன்னொரு பாடமும் உண்டு. ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்கள் மலைநாட்டு மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டத்துக்குக் கைதூக்கினார் என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பதிவு சொல்வது வேறு. 1948 ஓகஸ்டில் அவர் அச்சட்டமூலத்தை எதிர்த்தே வாக்களித்தார். செப்டெம்பரில் அமைச்சரானார். அதன் பின்னர் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டமூலத்தை ஆதரித்தார். சில மாத இடைவெளியில் இரு சட்டமூலங்கள், இரு வகை வாக்குகள்! அவரைப் புகழ்வோர் முதலாவதை மட்டும் சொல்வர். இகழ்வோர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவர். இரண்டையும் திகதியோடு அறிந்தவரே நியாயமாகத் தீர்ப்பளிக்க முடியும்.

நமது மாவட்டத்திலிருந்தே அண்மைக்கால உதாரணம் ஒன்றைப் பார்க்கலாம். 2020 ஓகஸ்ட் தேர்தலில் ஐக்கிய மக்கள் சக்தியின் பட்டியலில் பதுளை மாவட்டத்தில் தெரிவானவர்களுள் அ. அரவிந்தகுமார் ஒருவர். அவ்வாண்டு ஒக்டோபர் 22ஆம் திகதி, சனாதிபதியின் அதிகாரங்களைக் கூட்டிய அரசியலமைப்பின் இருபதாவது திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. அவருடைய கட்சி அதனை எதிர்த்தது. அவர் சார்பாக வாக்களித்தார். 156 சார்பாகவும் 65 எதிராகவும் விழுந்து திருத்தம் நிறைவேறியது. பின்னர் 2022இல் அவர் கல்வி இராஜாங்க அமைச்சரானார். அவர் செய்தது சரியா, பிழையா என்று இங்கே தீர்ப்புச் சொல்லவில்லை. அதனைச் சொல்ல வேண்டியவர்கள் அவருக்கு விருப்பு வாக்கு அளித்தவர்கள். ஆனால், நடந்ததையே அறியாதவர் எதைக்கொண்டு தீர்ப்புச் சொல்வார்?

3. பதிவு எங்கே இருக்கிறது?

பாராளுமன்றத்தில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லும் எழுத்தில் ஏறுகிறது. அவ்வறிக்கைக்கு ஹன்சாட் என்று பெயர். இலண்டனில் அதனை அச்சிட்ட ஒரு குடும்பத்தின் பெயரே இப்படி நிலைத்துவிட்டது. அங்கேயும் இவ்வுரிமை எளிதில் வரவில்லை. சபையில் பேசியதை வெளியிட்ட அச்சகத்தார் தண்டிக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. யார் யார் எப்பக்கம் வாக்களித்தார்கள் என்ற பெயர்ப்பட்டியலைப் பிரித்தானிய மக்கள் சபை முறையாக வெளியிடத் தொடங்கியது 1836இலேதான்.

நமது ஹன்சாட்டைப் பாராளுமன்ற இணையத்தளத்தில் நாள்வாரியாக எவரும் இலவசமாகப் படிக்கலாம். வீட்டில் ஒரு கைத்தொலைபேசி இருந்தால் போதும். உறுப்பினர் எம்மொழியில் பேசினாரோ அம்மொழியிலேயே பேச்சு அச்சாகும். அமைச்சரின் விடை பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும். இதற்காகத் தளர வேண்டாம். பாடசாலையில் சிங்களம் படிக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பயனுள்ள பயிற்சி ஏது? பிள்ளை வாசித்துச் சொல்ல, பெற்றோர் கேட்கட்டும்.

ஹன்சாட்டைப் படித்துத் தொகுத்துத் தருவோரும் உள்ளனர். கொழும்பிலுள்ள வெரிட்டே ரிசர்ச் என்னும் ஆய்வு நிறுவனம் 2013இல் மந்திரி என்ற இணையத்தளத்தைத் தொடங்கி, ஒவ்வோர் உறுப்பினரின் சபைப் பணியையும் மூன்று மொழிகளிலும் கணக்கிட்டது. பிரித்தானியாவிலும் இந்தியாவிலும் இத்தகைய முயற்சிகள் உண்டு. அவை உதவியாக இருக்கலாம். ஆயினும், நமது தோட்டத்துக்கு எது முக்கியம் என்பதை நாமே அறிவோம். ஆகவே நமது கணக்கை நாமே எழுதுவது நல்லது.

4. எதைத் தேடுவது?

வாக்கு: சபாநாயகர் குரல்களைக் கேட்டே பல விடயங்களை முடிவுசெய்கிறார். வாக்கெடுப்பு வேண்டும் என்று கேட்கப்பட்டால்தான் பெயர்கள் பதிவாகும். அப்போது சார்பாக, எதிராக என்று இரு பட்டியல்கள் ஹன்சாட்டில் வரும். இரண்டிலும் பெயர் இல்லையென்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். முக்கியமான நாளில் காணப்படாமையும் ஒரு செய்தியே.

பேச்சு: எவ்வளவு நேரம் பேசினார் என்பதைவிட எதைப் பற்றிப் பேசினார் என்று பாருங்கள். தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியர் கேட்டாரா? லயன் காணிக்கு உறுதிப்பத்திரம் கேட்டாரா? அன்றி, மறுகட்சிக்காரரை ஏசுவதிலேயே நேரத்தைப் போக்கினாரா? பேச்சு முழுவதையும் ஒரே வாக்கியமாகச் சுருக்கி எழுதிப் பாருங்கள். சுருக்க ஒன்றுமே கிடைக்காத பேச்சுகளும் உண்டு.

வினா: மூன்றிலும் இதுவே நமக்கு மிகவும் பயன்தருவது. “வினாக்களுக்கு வாய்மூல விடைகள்” என்ற தலைப்பின் கீழ் இவை வரும். அமைச்சர் ஓர் எண்ணையோ திகதியையோ வாக்குறுதியையோ சொன்னால் அது பதிவில் நின்றுவிடும். அதனைப் பிறகு எடுத்துக்காட்டிக் கேட்கலாம். உதாரணமாக, 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அந்நாட்களில் சபையில் யார் எழுந்து கேட்டார்கள், அரசாங்கம் என்ன உறுதியளித்தது என்பதை அவ்வாண்டு நவம்பர் மாத ஹன்சாட்டில் தேடிப் பாருங்கள். பிறகு 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலால் பதுளை மாவட்டத்தில் மண் சரிந்த பின்னர் சொல்லப்பட்டவற்றையும் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். எது நிறைவேறியது என்று சொல்ல அம்மலைச்சரிவில் வாழ்பவரைவிடத் தகுந்த சாட்சி இல்லை.

5. குடும்பக் கொப்பி

ஒரு நாற்பது பக்கக் கொப்பி போதும். ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து பத்திகள் வரையுங்கள்: திகதி, விடயம், உறுப்பினர் செய்தது, அமைச்சர் சொன்னது, பிறகு நடந்தது. ஐந்தாவது பத்தியை வெறுமையாக விடுங்கள். ஆறு மாதங்களின் பின் அதனைத் திறந்து, நடந்ததை நிரப்புங்கள். நடக்கவில்லையென்றால் “நடக்கவில்லை” என்றே எழுதுங்கள். பாராளுமன்றம் வழக்கமாக மாதத்தில் இரு வாரங்களே கூடுகிறது. ஆகவே மாதத்தில் ஒரு மாலைப்பொழுது இதற்குப் போதும்.

பதுளை மாவட்டத்துக்கு ஒன்பது உறுப்பினர்கள்; மொனராகலைக்கு ஆறு பேர். “நம்மவர்” ஒருவரை மட்டும் கவனித்து மற்றவர்களை விட்டுவிடுவது தவறு. பசறையிலும் ஹாலிஎலயிலும் ஹப்புத்தளையிலும் உள்ள நமது வாக்குகளைப் பெற்ற சிங்கள உறுப்பினரும் நமது பிரதிநிதியே. நாட்டுக் கிராமத்தின் பாதைக்கும் தோட்டத்தின் பாதைக்கும் அவர் ஒரே விதமாகப் பேசுகிறாரா என்று பாருங்கள்.

ஐந்தாவது பத்தியை நிரப்பத் தகவல் கிடைக்காவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். உரிய அரசாங்க அலுவலகத்தின் தகவல் அதிகாரிக்குத் தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் அவர் தமது முடிவை அறிவிக்க வேண்டும்.

6. நியாயமான தராசு

நமது கொழுந்தை நிறுக்கும் தராசு பிழையாக இருந்தால் கோபப்படுகிறோம். பிறரை நிறுக்கும்போது நமது தராசும் சரியாக இருக்க வேண்டும்.

அமைச்சர் வினா எழுப்புவதில்லை. விடையளிப்பதே அவர் வேலை. ஆகவே அவருடைய வினாக் கணக்கு வெறுமையாக இருப்பது குற்றமன்று. பேசும் நேரத்தைக் கட்சிகளே பங்கிடுகின்றன. புதியவருக்குக் குறைவாகக் கிடைக்கலாம். குழுக்களில் செய்யும் வேலை அன்றாட ஹன்சாட்டில் முழுமையாகத் தெரியாது. நாட்சம்பளம் சபையின் வாக்கெடுப்பால் முடிவாவதன்று. 2021இல் ஆயிரம் ரூபாச் சம்பளம் சம்பளச் சபையின் வழியாகவே வர்த்தமானியில் வந்தது. ஆகவே, “சம்பளத்தைக் கூட்ட ஏன் வாக்களிக்கவில்லை?” என்று கேட்பது பொருந்தாது, “அதற்காக எங்கே, எப்போது குரல் கொடுத்தீர்கள்?” என்று கேட்பதே பொருந்தும்.

மறுபுறத்தில், சட்டம் இயற்றும் வேலையைச் சிறிதாக எண்ணவும் கூடாது. தோட்டப் பாதையைப் பிரதேச சபை திருத்தவில்லை என்று பல ஆண்டுகளாக முறையிட்டோம். அதற்குத் தடையாக நின்றது 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்திலிருந்த 33ஆம் பிரிவு. 2018இல் பாராளுமன்றம் அதனைத் திருத்திய பின்னரே தோட்டங்களுக்குள் வேலைசெய்யப் பிரதேச சபைகளுக்கு வழி திறந்தது. நூறு கட்டுத் தகரம் நூறு கூரைகளை மூடும். சட்டத்தில் மாற்றிய ஒரு பிரிவு எல்லாத் தோட்டங்களுக்கும் பயன்படும். தகரத்தை நினைவில் வைத்து இதனை மறந்துவிடும் மக்களுக்குப் பிரதிநிதிகளும் தகரத்தையே தருவார்கள்.

அடுத்த முறை வாக்குக் கேட்டு ஒருவர் இஸ்தோப்பில் வந்து அமரும்போது தேநீர் கொடுத்து உபசரியுங்கள். பின்னர் கொப்பியை விரித்து, “ஐயா, இந்தத் திகதியில் இப்படி வாக்களித்திருக்கிறீர்கள், காரணத்தைச் சொல்லுங்கள்” என்று பணிவோடு கேளுங்கள். நன்றாக வேலைசெய்தவர் மகிழ்வார். நீங்கள் அறிந்திருக்கிறீர்கள் என்பதே அவருக்குப் பலம். வேலைசெய்யாதவருக்கு அந்தக் கேள்வியே பாடம்.

கலந்துரையாடுவதற்குச் சில வினாக்கள்

1. நமது மாவட்டத்தின் உறுப்பினர்கள் அனைவரின் பெயர்களையும் நமது வீட்டில் எத்தனை பேரால் சொல்ல முடியும்?

2. சென்ற மாதம் அவர்களுள் ஒருவர் எழுப்பிய வினா ஒன்றைத் தேடி எடுங்கள். அது நமது தோட்டத்தின் தேவையைத் தொட்டதா?

3. நமது தோட்டத்தின் எந்த ஒரு குறையைச் சபையில் வினாவாக எழுப்பும்படி கேட்கலாம்? அதனை மூன்று வரிகளில் கடிதமாக எழுதுங்கள்.

4. வேற்றுக் கட்சி உறுப்பினர் ஒருவர் நமக்காகப் பேசியிருந்தால், அதனை மனமுவந்து ஏற்றுக்கொள்ள நாம் ஆயத்தமா?