முதலில் வீட்டில் உண்மையைச் சொல்லட்டும்

அன்புள்ள தங்கைக்கு,

அப்பாவை இழந்த எட்டு வயதுப் பையனை உன்னிடம் அனுப்பியிருக்கிறார்கள், வாயே திறக்க மாட்டேன் என்கிறான், எப்படிப் பேச வைப்பது என்று கேட்டிருந்தாய். பள்ளி ஆலோசகராகச் சேர்ந்த முதல் வருடமே இப்படி ஒரு பிள்ளை வந்தால் யாருக்கும் பதற்றமாகத்தான் இருக்கும்.

பேச வைப்பது அப்புறம். வீட்டில் அவனுக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று முதலில் விசாரி. "அப்பா ஊருக்குப் போயிருக்கார்", "சாமிகிட்ட தூங்குறார்" என்று சொல்லி வைக்கும் வீடுகள் நிறைய. ஐந்து வயதுக்குக் கீழான பிள்ளைகள் சாவைப் பயணமாகவும் தூக்கமாகவும் எண்ணுவதை உளவியலாளர் மரியா நாகி 1948-இல் வெளியான ஆய்வில் விவரித்திருக்கிறார். அந்த வயதுப் பிள்ளையிடம் தூக்கம் என்று சொன்னால், அம்மா கண்ணயரும்போதெல்லாம் அது பயந்து எழுப்பும். எட்டு வயதுக்காரனுக்கு விஷயம் பெரும்பாலும் தெரிந்திருக்கும். பந்தலைப் பார்த்தான், பதினாறாம் நாள் காரியத்தையும் பார்த்தான். கொள்ளிச் சட்டியை அவன் கையிலேயேகூடக் கொடுத்திருக்கலாம். அப்படிப்பட்டவனிடம் பெரியவர்கள் பூசி மெழுகினால், இந்த வீட்டில் இதைப் பற்றிப் பேசக்கூடாது போலிருக்கிறது என்று அவனே முடிவு செய்துகொள்கிறான்.

அதனால் அவன் அம்மாவை அழைத்து உட்கார வை. "அப்பா இறந்துட்டார், இனி வர மாட்டார், நான் உன்கூட இருக்கேன்" என்று அந்த அம்மாவின் வாயாலேயே அவன் கேட்க வேண்டும். அழுதுகொண்டே சொன்னாலும் தப்பில்லை; அம்மா அழுவதைப் பார்த்தால்தான் தானும் அழலாம் என்று அவனுக்குத் தெரியும். "இனிமே நீதான் வீட்டுக்கு ஆம்பளை, அழக்கூடாது" என்று சொல்லும் மாமா, பெரியப்பாக்களிடமும் பேசு. நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் அந்தச் சொல்லை எட்டு வயதுத் தோள் தாங்காது.

உன் அறையில் அவனுக்கு எதிரே உட்காராதே, பக்கத்தில் உட்கார். கையில் களிமண்ணோ கிரேயானோ இருக்கட்டும். மட்டக்களப்பில் போர் தொட்ட பிள்ளைகளுக்காக 1996-இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவிலும் களிமண், ஓவியம், கதை, நாடகம் என்றுதான் வேலை நடந்தது. கை ஓடும்போது கண்ணைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. என்னிடம் வந்த ஒரு பையன் பல நாள் லாரியாகவே செய்துகொண்டிருந்தான். ஒருநாள் சக்கரத்தை உருட்டியபடியே, தலை நிமிராமல் கேட்டான்: "மிஸ், அப்பாவோட போன் நம்பரை வேற யாருக்காவது குடுத்துடுவாங்களா?" நம்பர் கொஞ்ச நாள் கழித்து வேறு ஒருவருக்குப் போகலாம் என்று உள்ளதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அடுத்தது வந்தது. அப்பா கிளம்பிய அன்று அவரோடு கோபித்துக்கொண்டு டாட்டா சொல்லவில்லை, அதனால்தான் விபத்தா?

இந்தக் கேள்வி பல பிள்ளைகளின் அடிவயிற்றில் கிடக்கிறது. தானாக வெளியே வராவிட்டாலும் நீயே சொல்லிவிடு: நீ நினைத்ததாலோ திட்டியதாலோ யாரும் சாகவில்லை. ஒரு தடவை சொன்னால் போதாது, பல தடவை சொல்ல வேண்டியிருக்கும்.

அழுதவன் அடுத்த நிமிடமே கிரவுண்டில் கத்திக்கொண்டு ஓடுவான். துக்கமே இல்லை என்று டீச்சர்கள் சொன்னால் நம்பாதே; பிள்ளைகள் துக்கத்தைச் சிறுகச் சிறுகத்தான் சுமப்பார்கள். ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்து வாங்கி வரச் சொல்லும் நாள், அப்பாவின் பிறந்தநாள், அப்பா இல்லாமல் வரும் முதல் பண்டிகை எல்லாவற்றையும் குறித்து வைத்துக்கொண்டு வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

எதையும் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்யாதே. நானும் அப்பாகிட்ட போகணும் என்று அவன் சொன்னால், பார்க்கத்தான் ஆசைப்படுகிறானா, சாகவே நினைக்கிறானா என்று நேராகக் கேள். இரண்டாவது என்றால் அன்றைக்கே அம்மாவிடம் சொல்லி, மனநல மருத்துவரிடம் அனுப்ப ஏற்பாடு செய். அதுவரை அவனைத் தனியே விட வேண்டாம்.

அன்புடன்,
உன் அக்கா