காலில் ஓர் அடிபம்பு

குழந்தைக்கு ஒரு வயது ஆகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறது. ஓர் அடி வைக்கிறது. விழுகிறது. அழுகிறது. மறுபடியும் எழுகிறது. யாரும் அதற்குப் பாடம் நடத்துவதில்லை. கொஞ்ச நாளில் வீடு முழுக்க நடக்கிறது. பிறகு அதைப் பிடித்து நிறுத்துவதுதான் பெரிய வேலை.

நடப்பது சின்ன விஷயம் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. இரண்டு பாதங்களிலும் சேர்த்து 52. நம் உடம்பில் மொத்தம் 206 எலும்புகள். அதாவது நாலில் ஒரு பங்கு எலும்பு பாதங்களில் மட்டுமே இருக்கிறது. இவ்வளவு எலும்புகளும் சேர்ந்து வேலை செய்தால்தான் ஓர் அடி வைக்க முடியும்.

நடக்கும்போது முதலில் குதிகால் தரையைத் தொடுகிறது. பிறகு பாதம் படிகிறது. கடைசியில் கட்டைவிரல் தரையை உந்தித் தள்ளுகிறது. வலது கால் முன்னே போனால் இடது கை முன்னே போகிறது. எப்போதும் ஒரு காலாவது தரையில் இருக்கும். இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டால் அதன் பெயர் ஓட்டம். இதையெல்லாம் நாம் யோசித்துச் செய்வதில்லை. யோசித்தால் தடுக்கித்தான் விழுவோம்.

சரி, நடந்தால் உடம்புக்கு என்ன நன்மை? முதலில் இரத்த ஓட்டத்தைப் பார்ப்போம்.

இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. இரத்தத்தை உடம்பு முழுக்க அனுப்புகிறது. இரத்தம் கால்விரல் வரை போய்விடும். திரும்பவும் நெஞ்சுக்கு வரவேண்டுமே? கீழே இருந்து மேலே ஏறுவது சுலபமா?

தெருவில் உள்ள அடிபம்பை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் பூமிக்கு அடியில் இருக்கிறது. கைப்பிடியை அடிக்க அடிக்க மேலே ஏறி வருகிறது. பம்புக்குள் வால்வு இருக்கிறது. ஏறிய தண்ணீரை அது கீழே இறங்க விடாது. வால்வு கெட்டால் எவ்வளவு அடித்தாலும் தண்ணீர் வராது.

நம் கெண்டைக்காலிலும் இப்படி ஒரு பம்பு இருக்கிறது. அடி எடுத்து வைக்கும்போது கெண்டைக்கால் சதை இறுகுகிறது. உள்ளே இருக்கும் இரத்தக் குழாயை அழுத்துகிறது. இரத்தம் மேலே ஏறுகிறது. அந்தக் குழாயில் சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன. ஏறிய இரத்தம் கீழே இறங்காமல் அவை தடுக்கின்றன. கெண்டைக்கால் சதையை இரண்டாவது இதயம் என்று சொல்வதும் உண்டு.

பீடி சுற்றும் பெண்கள் காலை முதல் மாலை வரை உட்கார்ந்தே இருக்கிறார்கள். தையல்காரர், கல்லாவில் இருப்பவர், லாரி ஓட்டுநர் எல்லோரும் அப்படித்தான். இவர்கள் காலில் உள்ள பம்பை அடிக்க ஆள் இல்லை. சாயங்காலம் பாதம் வீங்குகிறது. ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு வேலை செய்பவர்களுக்கும் இதே கதிதான். நிற்பதும் நடப்பதும் ஒன்று அல்ல. ஒரே இடத்தில் நின்றால் பம்பு சரியாக வேலை செய்யாது. வருடக் கணக்கில் இப்படியே நின்றால் சிலருக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளும். முதலாளிகள் இவர்களுக்கு ஒரு முக்காலி போடலாம். மணிக்கு ஒரு தடவை நாலு அடி நடக்கவும் விடலாம். பெரிய செலவு ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரியில் நடக்கும் ஒன்றைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஒரு பெண்ணுக்கு ஆபரேஷன் செய்து குழந்தை பிறக்கிறது. மறுநாளே நர்ஸ் வந்து, “எழுந்து நடம்மா” என்கிறார். மாமியாருக்குக் கோபம் வருகிறது. “பச்சை உடம்புக்காரி சிஸ்டர், அவளைப் போய் நடக்கச் சொல்றீங்களே!” என்கிறார். நர்ஸ் சொல்வதில் காரணம் இருக்கிறது. படுத்தே கிடந்தால் கால் குழாயில் இரத்தம் தேங்கும். தேங்கினால் கட்டியாக உறையலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஆகவே மெதுவாக, பிடித்துக்கொண்டு, பத்து அடி நடக்க வைக்கிறார்கள்.

அடுத்தது சர்க்கரை நோய். இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்கு இந்த நோய் இருப்பதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் சொன்னது. கிராமங்களையும் அது விடவில்லை. சதைக்குத் தீனி சர்க்கரை. நடக்கும்போது கால் சதைகள் இரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துச் செலவு செய்கின்றன. சாப்பிட்ட பிறகு பத்து, பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தாலே பலன் உண்டு. அதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. சர்க்கரைக்கு ஊசி போடுபவர்கள் வெறும் வயிற்றில் நடக்கவும் கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். மடியில் ஒரு வெல்லக் கட்டி இருக்கட்டும்.

நடந்தால் முட்டி தேயும் என்று சிலர் பயப்படுகிறார்கள். முட்டிக்குள் குருத்தெலும்பு இருக்கிறது. அதற்குத் தனியாக இரத்தக் குழாய் இல்லை. நடக்கும்போது அது பஞ்சு போல அழுங்கி விரிகிறது. அப்போதுதான் அதற்குச் சத்து போகிறது. ஆகவே முட்டிவலி உள்ளவர்களும் சமமான தரையில், வலி தாங்கும் அளவுக்கு நடப்பது நல்லது. வீங்கிச் சூடாக இருக்கும் முட்டிக்கு மட்டும் ஓய்வு கொடுத்து மருத்துவரிடம் காட்டவேண்டும்.

காந்தியடிகள் வாழ்நாள் முழுக்க நடந்தவர். 1888-இல் சட்டம் படிக்க லண்டனுக்குப் போனார். கையில் பணம் குறைவு. வண்டிக் கூலியை மிச்சம் பிடிக்க நினைத்தார். நடந்து போகும் தூரத்தில் அறை எடுத்தார். தினமும் எட்டு, பத்து மைல் நடந்தார். அதாவது 13 முதல் 16 கிலோமீட்டர். அங்கே இருந்த காலத்தில் நோய் இல்லாமல் இருந்ததற்கு இந்த நடைதான் முக்கியக் காரணம் என்று பிறகு தன் வரலாற்றில் எழுதினார். மிச்சம் பிடித்தது காசை. கூடவே உடம்பும் தேறியது!

அந்தக் கால்கள்தான் 1930-இல் நாட்டுக்கு உதவின. உப்புக்கு வெள்ளைக்காரர்கள் வரி போட்டார்கள். காந்தியடிகள் மார்ச் 12-ஆம் தேதி அகமதாபாத்தில் சபர்மதி ஆசிரமத்தில் இருந்து கிளம்பினார். தொண்டர்களும் கூட நடந்தார்கள். ஏப்ரல் 5-ஆம் தேதி தண்டி என்ற கடற்கரை ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தூரம் சுமார் 385 கிலோமீட்டர். அப்போது அவருக்கு வயது 60. கூட வந்தவர்களில் பலர் இளைஞர்கள். அவர்களில் சிலருக்குக் கால் கொப்பளித்தது. சிலர் களைத்துப் போனார்கள். கையில் மூங்கில் தடியோடு கிழவர்தான் முன்னால் போனார். அவருக்காக ஒரு குதிரை கூடவே வந்தது. அதில் அவர் ஏறவே இல்லை. வெயிலில் அவர் வீம்புக்கு நடக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் நடந்தார். திங்கட்கிழமைகளில் ஓய்வு எடுத்தார்.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் தினமும் 16 கிலோமீட்டர் நடக்கவேண்டாம்.

இராஜஸ்தானில் தண்ணீர்ப் பஞ்சம் உள்ள கிராமங்களில் பெண்கள் தலையில் குடத்தோடு வெகுதூரம் நடக்கிறார்கள். மலைக் கிராமங்களில் விறகுக் கட்டோடு ஏறி இறங்குகிறார்கள். இவர்களிடம் போய் “நடை நல்லது, நடங்கள்” என்று சொல்வது கேலி செய்வது போல. இவர்கள் நடப்பது போதும். இவர்களுக்கு வேண்டியது வீட்டுக்குப் பக்கத்தில் குழாய், வயிறு நிறையச் சாப்பாடு, கொஞ்சம் ஓய்வு. வயலை விட்டுவிட்டு உட்கார்ந்து செய்யும் வேலைக்கு வந்தவர்களுக்குத்தான் நடை தேவை. வேலை மாறிவிட்டது. சாப்பாடு மாறவில்லை. பத்து வீடு தள்ளிப் போகவும் மோட்டார் சைக்கிளை எடுக்கும் இளைஞர்களும் இந்தக் கணக்கில்தான் வருவார்கள்.

எவ்வளவு நடக்கலாம்? வாரத்துக்கு 150 நிமிடமாவது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம். ஒரே மூச்சில் நடக்க முடியாதவர்கள் மூன்று தடவையாகப் பிரித்து நடக்கலாம். வேகத்தை அளக்க ஒரு சுலபமான வழி உண்டு. நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். இப்போது கைப்பேசி அடிகளை எண்ணிச் சொல்கிறது. பத்தாயிரம் அடி நடந்தே ஆகவேண்டும் என்கிறார்கள். அந்த எண் 1965-இல் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரில் இருந்து பரவியது. அதைவிடக் குறைவாக நடந்தாலும் பலன் உண்டு.

பாதத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் தொழுநோய் வந்தவர்களுக்கும் பாதம் மரத்துப் போகலாம். முள் குத்தினாலும் தெரியாது. புண் பெரிதாகி விரலையே எடுக்கவேண்டி வரலாம். இவர்கள் வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. இவர்களுக்கென்று மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு இருக்கிறது. இரவில் படுக்கும் முன் விளக்கு வெளிச்சத்தில் பாதத்தின் அடிப்பக்கத்தைப் பார்க்கவேண்டும். குனிய முடியாதவர் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம்.

கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறதா? நின்றால் விட்டுவிடுகிறதா? காலுக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டிருக்கலாம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இது அதிகம் வரும். மருத்துவரைப் பார்க்கவேண்டும். நடக்கும்போது நெஞ்சு இறுகினால், தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினால், திடீரென்று வியர்த்துக் கொட்டினால், அந்த இடத்திலேயே உட்காருங்கள். “வாயுப் பிடிப்புதான், சரியாகிவிடும்” என்று வீட்டுக்கு நடக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பல மாநிலங்களில் 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும்.

பேசுங்கள், எழுதுங்கள்

உங்கள் வீட்டில் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்பவர் யார்? அவர் எப்போது நடக்கலாம்? இருட்டிய பிறகு பெண்கள் நடக்கப் பயப்படும் தெரு உங்கள் ஊரில் எது? அங்கே விளக்கு எரிகிறதா? கும்பலாக நாலைந்து பேர் சேர்ந்து நடக்க முடியுமா? விளக்கு இல்லாத தெருக்களின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். கீழே எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். பஞ்சாயத்துத் தலைவரிடம் கொடுங்கள். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.