எத்தனையாவது பக்கத்துல நிக்கிறீங்க?

கோவில்பட்டியில் நாலு பேர் கூடிப் புத்தகம் பேச உட்கார்ந்தால் ஒரு சங்கடம் வரும். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பக்கத்து இடைசெவல்காரர்கள். பூமணியும் சோ. தர்மனும் இதே கரிசல் மண்ணில் பிறந்தவர்கள். நாலு பேருமே சாகித்ய அகாதமி விருது பெற்றவர்கள். இப்படிப்பட்ட ஊரில் ‘என்ன படிக்கிறீங்க?’ என்று கேட்டால் உள்ளதைச் சொல்ல யாருக்கு வாய் வரும்? ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ என்பார்கள். படித்து இருபது வருஷம் ஆகியிருக்கும்.

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மாதத்தின் முதல் ஞாயிறு சாயங்காலம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு கூட்டம் தொடங்கினேன். முதல் ஆறு மாதம் அது தேறவில்லை. ‘எனக்குப் பிடித்த புத்தகம்’ என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். வந்தவர்கள் தாளில் எழுதிக்கொண்டு வந்து வாசித்தார்கள்: ஆசிரியர் பிறந்த ஊர், கதைச் சுருக்கம், கதை சொல்லும் நீதி. முப்பது வருஷ வகுப்பறைப் பழக்கத்தை அவர்கள் தலையில் ஏற்றிவிட்டேன். ஆறாவது மாதம் மூன்று பேர்தான் மிச்சம்.

அதற்கப்புறம் கேள்வியை மாற்றினேன். “இப்ப கையில என்ன புத்தகம் இருக்கு? எத்தனையாவது பக்கத்துல நிக்கிறீங்க?” அவ்வளவுதான். புத்தகத்தைக் கையோடு கொண்டு வர வேண்டும். முடித்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சமையல் குறிப்பானாலும் சரி, ராணிமுத்து நாவலானாலும் சரி, அதைத்தான் காட்ட வேண்டும்.

அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் ஒரு தம்பி கண்மணி குணசேகரனின் ‘நெடுஞ்சாலை’யைக் கொண்டு வந்தார். பக்க அடையாளத்துக்கு ஒரு பழைய டிக்கெட்டைச் சொருகியிருந்தார். போக்குவரத்துக் கழக டெப்போவில் தற்காலிக வேலைக்கு வந்து சேரும் இளைஞர்களின் கதை அது. எழுதியவரே டெப்போவில் வேலை பார்த்தவர். “டீச்சர், டூட்டி கிடைக்குமா கிடைக்காதான்னு டெப்போ வாசல்ல காத்துக் கிடந்தவன் நான். பாதி வந்துட்டேன். இந்தப் பயலுகளுக்கு வேலை நிரந்தரம் ஆகுமோ ஆகாதோன்னு நெஞ்சு அடிச்சுக்கிடுது” என்றார். முன்னுரையும் கிடையாது, கதைச் சுருக்கமும் கிடையாது. அன்றைக்கே மூன்று பேர் அந்தப் புத்தகத்தைக் கேட்டார்கள். பாதியில் நிற்கிறவருக்குக் கதை இன்னும் முடியவில்லை. கேட்கிறவர்களும் அவரோடு சேர்ந்து கவலைப்படத் தொடங்குகிறார்கள்.

பாதியில் விட்டதைச் சொல்லவும் இடம் கொடுக்க வேண்டும். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை (1972இல் வந்த நாவல்) ஒரு பாத்திரக்கடைக்காரர் நாலு தடவை எடுத்து நாலு தடவையும் முப்பது பக்கத்துக்குள் மூடி வைத்துவிட்டதாகச் சொன்னார். இந்தோனேசியாவின் மெடான் நகரத்துக்குள் ஜப்பான் படை நுழைவதில் கதை தொடங்குகிறது. தெருப் பெயர்களெல்லாம் வாய்க்குள் நுழையவில்லை என்றார். அப்போது ஒரு பெரியவர், தன் தாத்தா அந்த நாவலில் வருவது போன்ற பினாங்கு வட்டிக்கடை ஒன்றில் எடுபிடி வேலைக்குப் பெட்டியடிப் பையனாகப் போய், மேலாளுக்கு அடுத்த இடமான அடுத்தாளாக உயர்ந்தவர் என்று சொல்லி, அந்தக் கடைகளில் சம்பளமும் சாப்பாடும் எப்படி இருந்தன என்று வீட்டில் கேட்டதையெல்லாம் விவரித்தார். “தெருப் பேரை விட்டுத் தள்ளுங்க. கதாநாயகன் பாண்டியனுக்கு மதுரை ஞாபகம் வரும் பாருங்க, அங்கேயிருந்து பிடிங்க” என்றார். பாத்திரக்கடைக்காரர் அடுத்த மாதம் நூற்றுஐம்பது பக்கம் தாண்டியிருந்தார். ‘எனக்குப் பிடிபடவில்லை’ என்று ஒருவர் கூசாமல் சொன்னதால்தான் இன்னொருவர் வாயைத் திறந்தார்.

ஒருவருக்கு ஐந்து நிமிஷம். ஒரே ஒரு இடத்தைச் சொன்னால் போதும், முடிவைச் சொல்லக் கூடாது. இந்த இரண்டையும் நான் கண்டிப்பாகப் பார்த்துக்கொள்கிறேன்.

இனி நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகும் ஒரு அக்கா உண்டு. எட்டாவது வரை படித்தவர். கூட்டத்துக்கு வந்து ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அவரைப் படிக்க வைத்தே தீர வேண்டும் என்ற வேகம் எனக்கு. அப்போது நான் இமையத்தின் ‘செல்லாத பண’த்தில் மூழ்கிக் கிடந்தேன். 2020ஆம் ஆண்டுக்கான அகாதமி விருது பெற்ற நாவல். தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் கிடக்கும் மகளுக்காக வாசலில் காத்துக் கிடக்கும் குடும்பத்தின் கதை. “கட்டாயம் படிங்கக்கா, விடவே மாட்டீங்க” என்று கையில் திணித்தேன். எதைப் பற்றிய கதை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நாலாம் நாள் புத்தகம் திரும்பி வந்தது. செய்தித்தாளில் பொதிந்து நூல் சுற்றியிருந்தது. “நல்ல கதையாத்தான் இருக்கும் டீச்சர். என் தங்கச்சி நெருப்புலதான் போனா. பத்துப் பக்கத்துக்கு மேல என்னால முடியல” என்றார். குரலில் கோபமே இல்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பத்து வருஷமாக அதே தெருவில் இருக்கிறேன், அவருக்கு ஒரு தங்கை இருந்ததே எனக்குத் தெரியாது.

நூலக இயலுக்கு ஐந்து விதிகளை 1931இல் நூலாகத் தந்த சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு உரிய புத்தகம் போய்ச் சேர வேண்டும் என்பதை ஒரு விதியாகவே வைத்தார். பள்ளியில் நூலகப் பொறுப்பைப் பார்த்தபோது அதைச் சுவரில் எழுதி வைத்தவள் நான். எனக்குப் பிடித்துப்போன வேகத்தில் எதிரே இருந்தவரைப் பார்க்க மறந்தேன். இப்போதெல்லாம் யாருக்குப் புத்தகம் கொடுத்தாலும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறேன்: “இது இன்ன விஷயம், இதை இப்பப் படிக்க முடியுமா? படுக்கப் போகையில எவ்வளவு நேரம் கெடைக்கும்?” இரண்டாவது கேள்வி அற்பமாகத் தோன்றும். பன்னிரண்டு மணி நேரம் உழைத்துவிட்டு வருகிறவர் கையில் அறுநூறு பக்க நாவலைக் கொடுப்பது உதவி ஆகாது. சிறுகதை கொடுங்கள்.

அக்காவுக்கு அழகிரிசாமி தொகுப்பில் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையைப் பிரித்து, நாலு கதைக்குள் எதை வேண்டுமானாலும் படிக்கலாம் என்று சொல்லிக் கொடுத்தேன். தீபாவளிக்கு முதல் நாள் வாசலில் வந்து நிற்கும் அநாதைப் பையனை, தன் பிள்ளைகளுக்கே போதாத ஏழைத் தாய் வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ளும் கதை. அடுத்த கூட்டத்தில் அக்கா முதல் முறையாகப் பேசினார். “அந்தம்மா அவனுக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டுற இடத்தை மூணு தடவை படிச்சேன். புண்ணுல எண்ணெய் படாம தேய்க்கணும்லா, அது எங்கம்மாவுக்குத் தெரியும்” என்றார். அதற்கு மேல் பேச முடியவில்லை. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

இரவல் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டில் பெயரும் தேதியும் எழுதி, வாங்குகிறவர் கையெழுத்தையே போடச் சொல்லுங்கள். அதில் யாருக்கும் வருத்தம் வராது. உங்களால் பிரிய முடியாத பிரதியை வெளியே விடாதீர்கள்.

இந்த மாத நோட்டைப் பார்த்து எழுதுகிறேன். கண்டக்டர் தம்பி பூமணியின் ‘வெக்கை’. பாத்திரக்கடைக்காரர் இன்னும் தோணியை விட்டு இறங்கவில்லை. கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் தன் தாத்தாவுக்கு சோ. தர்மனின் ‘சூல்’ நாவலை உரக்க வாசித்துக் காட்டுகிறாள். கண்மாய், மடை என்று வந்தாலே அவர் நிறுத்தச் சொல்லித் தன் ஊர்க் கண்மாயின் கதையை ஆரம்பித்துவிடுகிறாராம். ஒரு மாதத்தில் இருபத்தெட்டுப் பக்கம்தான் நகர்ந்திருக்கிறது. நான் தாராசங்கர் பானர்ஜியின் ‘ஆரோக்கிய நிகேதன’த்தில் இருக்கிறேன், த.நா. குமாரசாமியின் மொழிபெயர்ப்பு. நாடி பிடித்துச் சாவை முன்கூட்டியே அறியும் அந்தக் கிழ வைத்தியரை விட்டு வர மனம் இல்லாமல் மெதுவாகப் படிக்கிறேன்.

அக்கா, ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’. தூத்துக்குடி உப்பளத்துக் கூலிகளின் கதை. நாற்பத்திரண்டாம் பக்கம். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் என்று கணக்கு வைத்திருக்கிறார். போன வாரம் வாசலில் நின்று கேட்டார்: “டீச்சர், தீப்பெட்டி ஆபீஸைப் பத்தி இப்படி யாராவது எழுதியிருக்காங்களா?”

தேடிக்கொண்டிருக்கிறேன்.