பாரிசில் என்ன சாப்பிடலாம்?

பிள்ளைகளே, பாரிசுக்குப் போனால் பேக்கரிக்குப் போகாமல் வராதீங்கோ!

உள்ளே போனதும் முதலில் "பொன்ஜூர்" சொல்லுங்கோ. அதுதான் அங்கே மரியாதை. பிறகு குருவாசான் வாங்குங்கோ. வெண்ணெய் மணக்கும், கடித்தால் பொலபொலவென்று உதிரும். 'ஸ்தோரர்' என்ற கேக் கடை 1730இல் தொடங்கியது!

அங்கே நீளமான பாணுக்குப் 'பகெத்' என்று பெயர். வருடந்தோறும் அதற்குப் போட்டி நடக்கும். 2023இல் வென்றவர் தர்ஷன் செல்வராஜா, ஓர் இலங்கைத் தமிழர். அவருடைய பாண் ஜனாதிபதி மாளிகைக்கே போனது!

மத்தியானம் பசித்தால் லாச்சப்பல் பக்கம் போங்கோ. அங்கே தமிழ்க் கடைகள் நிறைய உண்டு. சின்ன வயதில் நான் பேச வெட்கப்பட்டு, தோசையை விரலால் காட்டித்தான் வாங்கினேன். நீங்கள் வாயால் கேளுங்கோ: "அண்ணா, ஒரு தோசை தாங்கோ." பிழை வந்தாலும் பரவாயில்லை.

பேசிப் பார்ப்போம்: நீங்கள் என்ன கேட்பீர்கள்?