இளவரசிக்கு எத்தனை யானை?

அன்புள்ள மாணவிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் அக்காள் மகளுக்கு ஏழாவது பிறந்தநாள் வருகிறதென்றும், கேக்கும் பலூனும் போதா என்று கருதி, அவளையும் அவள் தோழியரையும் பியூட்டி பார்லருக்கு அழைத்துச் சென்று ‘பிரின்சஸ் மேக்ஓவர்’ செய்விக்க வீட்டார் உத்தேசித்திருக்கிறார்களென்றும், “குழந்தைகளின் சந்தோஷந்தானே, இதில் என்ன கெடுதல்?” என்று அவர்கள் கேட்கையில் உனக்கு விடை தோன்றவில்லையென்றும் எழுதியிருந்தாய். நான்கு வரியில் முடித்துவிடலாமென்று உட்கார்ந்தேன். கேள்வி முள்ளாய்த் தைத்துக்கொண்டுவிட்டது.

இவ்விஷயத்தில் பேசுகிறவர்கள் இரு சாரார். “எல்லாம் மேல்நாட்டு மோகம், நம் பண்பாட்டில் இல்லாதது” என்பவர்கள் ஒரு சாரார். “வெறும் விளையாட்டு, விட்டுவிடுங்கள்” என்பவர்கள் மற்றொரு சாரார். முந்தியவர்கள்மீதுதான் எனக்குக் கோபம் அதிகம். பண்பாட்டின் பேரால் மேடையில் முழங்குகிறவர்கள் அதன் ஏடுகளைப் புரட்டிப் பார்த்திருப்பதில்லை என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம். அமெரிக்காவில் டிஸ்னி நிறுவனத்தார் தம் புளோரிடா கேளிக்கை வளாகத்தில் 2006-ஆம் ஆண்டு ‘பிப்பிடி பாப்பிடி பூட்டிக்’ என்று ஒரு கடை திறந்து, மூன்று முதல் பன்னிரண்டு வயதுவரையுள்ள சிறுவர் சிறுமியரை நாற்காலியில் அமர்த்தி, தலை வாரி, நகத்துக்குச் சாயமிட்டு, கவுனும் கிரீடமும் அணிவித்து அனுப்பத் தொடங்கியது உண்மையே. ஆனால் ஒரு சிறுமியை இளவரசியாக அலங்கரித்துப் பார்க்கும் ஆசை நம் கரைக்குப் புதிதன்று என்பதற்கு இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுப் பழமையுள்ள சான்று இருக்கிறது.

கி.மு. 300-ஐ ஒட்டிச் சந்திரகுப்த மௌரியனின் அவைக்கு வந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் எழுதிய நூல் அழிந்துபோயிற்றாயினும், கி.பி. இரண்டாம் நூற்றாண்டினரான அர்ரியன் அதிலிருந்து எடுத்துத் தந்த பகுதிகளுள் ஒரு கதை உண்டு. ஆண்மக்கள் பலரையும் பண்டேயா என்னும் ஒரே மகளையும் பெற்ற, கிரேக்கர் புராண வீரனான ஹெராக்ளிஸ், அவளுக்கு ஒரு நாட்டையும், 500 யானைகளையும், 4,000 குதிரை வீரரையும், 1,30,000 காலாட்களையும் கொடுத்தான். கடலில் முத்தென்னும் புதிய அணிகலனைக் கண்டு மகிழ்ந்து, தன் மகளை அலங்கரிப்பதற்காகவே அதனைக் கடல்தோறும் திரட்டிவரச் செய்தான். பெயரும் முத்தும் சேர்ந்து பாண்டி நாட்டையே சுட்டுகின்றன என்பது அறிஞர் பலரின் கருத்து. நம் தாமிரபரணிக் கழிமுகத்துக் கொற்கையை விட்டால் அம்முத்துக்கு வேறு இடம் எனக்குத் தோன்றவில்லை. ஆக, மகளை இளவரசியாக்கி அழகு பார்த்த தகப்பன் கதை ஒன்று நம் கரையோடு ஒட்டியே உலகத்துக்கு அறிமுகமாகிறது.

ஆனால் அதே ஏட்டில் அடுத்து வருவதையும் படிக்க வேண்டும். அந்நாட்டுப் பெண்கள் ஏழு வயதிலேயே மணப்பருவம் எய்திவிடுவார்களென்றும், ஆடவர் மிஞ்சினால் நாற்பது ஆண்டே வாழ்வார்களென்றும் எழுதப்பட்டிருக்கிறது. அர்ரியனே இதனை நம்ப மாட்டாமல் எள்ளி நகைக்கிறார். சரித்திரமென்று நானும் சாதிக்கவில்லை. எனினும், மகளுக்கு முத்துச் சூட்டிய கதையும் மகளின் பிள்ளைப் பருவத்தை ஏழோடு முடித்துவிடும் கதையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எனக்குத் தற்செயலாகப் படவில்லை. ஏழு வயதுச் சிறுமிக்கு உதட்டுச் சாயமும் இமை மையும் தீட்டி, “பெரிய மனுஷி மாதிரி இருக்கிறாளே!” என்று கைதட்டும் உறவினர், அந்தக் கிரேக்கக் கட்டுக்கதையைத் தாம் மறுபடி நடித்துக்காட்டுவதை அறியார்.

இதற்கு நேரெதிரான இன்னொரு சிறுமி நம் மாவட்டத்துக் கவிஞர் ஒருவரின் சரித்திரத்தில் வருகிறாள். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர், பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் முன்னிலையில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றியபொழுது, அங்கயற்கண்ணியே அர்ச்சகர் மகளின் உருவில் வந்து அரசர் மடியிலமர்ந்து கேட்டு, அரசர் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கவிஞருக்கு அணிவித்து மறைந்தாளென்பது வழிவழியாக வழங்கும் வரலாறு. கவனித்தாயா? பண்டேயாவுக்கு முத்தைப் பிறர் அணிவிக்கிறார்கள். இந்தச் சிறுமியோ முத்தை எடுத்துப் பிறருக்கு அணிவிக்கிறாள். அந்தப் பிள்ளைத்தமிழின் பருவங்களையும் ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பார். குழந்தை தவழ்கிறது, கை கொட்டுகிறது, முத்தம் தருகிறது, தளர்நடை நடந்து வருகிறது, நிலாவைக் கூப்பிடுகிறது, அம்மானை ஆடுகிறது, நீராடுகிறது, ஊசலில் பறக்கிறது. கண்ணாடி முன் அசையாமல் உட்கார்ந்து தன்னை ஒப்பனை செய்யவிடும் பருவமென்று ஒன்றைப் புலவர்கள் வகுக்கவே இல்லை.

மதுரைக்கரசி மீனாட்சியின் புராணமும் அப்படியே. மலயத்துவச பாண்டியன் வேள்வித் தீயில் மூன்று வயதுச் சிறுமியாய்த் தோன்றிய தடாதகைக்கு, ஆண்பிள்ளைக்குரிய சடங்கும் கல்வியும் தந்து முடிசூட்டுமாறு அசரீரி பணித்ததென்பார்கள். டிஸ்னி கடைக்காரர் வாசல் திறக்கும் வயதும் மூன்றுதான்; இங்கே அந்த வயதில் படைக்கலப் பயிற்சிக்கு ஏற்பாடு நடக்கிறது! பண்டேயாவும் தடாதகையும் ஒரே பழைய நினைவின் இரு நிழல்கள் என்பது சிலர் முன்னரே தொட்டுச் சென்ற யூகம். நான் அதைப் பிடித்த பிடி விடாதவன் என்று வகுப்பில் நீங்களெல்லாம் சிரித்தது எனக்குத் தெரியும். சிரித்தால் சிரியுங்கள். யானைகளின் கணக்கோடு வரும் இளவரசியே எனக்கு இளவரசி.

வேடத்தையே நான் வெறுக்கிறேனென்று எண்ணிவிடாதே. தசரா நாளில் குலசேகரன்பட்டினத்துக்குப் போய்ப் பார். முத்தாரம்மனுக்கு விரதமிருந்து காப்புக் கட்டியவர்கள் காளியாக, குறத்தியாக, குரங்காக, போலீஸ்காரராக, ராஜாவாக, ராணியாக வேடம் புனைந்து, வீடு வீடாகவும் கடை கடையாகவும் தர்மம் பெற்று, அதனைக் கோயிலில் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். ராணி வேடமிட்ட சிறுமியரும் அக்கூட்டத்தில் உண்டு. அங்கே ராணியும் கை நீட்டியே ஆகவேண்டும். பிச்சைக்கார வேடத்துக்குக் கிடைக்கும் மரியாதையே அவளுக்கும். “யார் அழகு?” என்று எவரும் கேட்பதில்லை. பத்தாம் நாள் இரவு கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம் முடிந்தபின் காப்பை அவிழ்த்து, வேடத்தைக் களைந்து, அவரவர் தம் முகத்தோடு வீடு திரும்புகிறார்கள். சொந்த முகத்தில் ஏதோ குறையிருந்தது என்ற எண்ணம் அவர்கள் மனத்தில் எழுவதே இல்லை.

பார்லர் அலங்காரத்தில் என் ஆக்ஷேபம் அனைத்தும் இவ்விடத்தில்தான் குவிகிறது. அங்கே சிறுமி எதுவும் செய்வதில்லை, அவளுக்குச் செய்யப்படுகிறது. உட்காருமுன் ஒரு போட்டோ, எழுந்தபின் ஒரு போட்டோ என்று எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைக்கும்பொழுது, தினந்தோறும் தான் கண்ணாடியில் காணும் முகந்தான் திருத்தப்படவேண்டிய முகமென்பதை, ஒருவரும் வாய்திறந்து சொல்லாமலே அவள் கற்றுக்கொள்கிறாள். நம் ஊர் முத்து வியாபாரிகள் அக்காலத்தில் துளையளவு வெவ்வேறான பத்துப் பித்தளைச் சல்லடைகளை வைத்து முத்துகளைச் சலித்து, உருட்சியும் ஒளியும் கண்டு, ஆணி, அணதாரி என்று உயர்த்தியும், தூள் என்று தாழ்த்தியும் தரம் பிரித்தார்கள். விற்கும் பொருளுக்கு அது நியாயம். பிறந்தநாளுக்கு வந்த ஆறேழு குழந்தைகளுக்குள், “இவளுக்குத்தான் எடுப்பாயிருக்கிறது, அவளுக்கு நிறம் ஒட்டவில்லை” என்று அந்தச் சல்லடையை ஓட்டுவது அநியாயம், நிறம் பார்க்கும் நோய் பிடித்த நம் சமூகத்தில் அது இருமடங்கு அநியாயம்.

மறுபக்கத்தையும் சொல்லுவது ஆசிரியன் கடமை. அமெரிக்காவில் சாரா கோய்ன் என்னும் பேராசிரியையும் அவருடன் உழைத்தோரும் இளவரசிப் படங்களிலும் பொம்மைகளிலும் ஈடுபட்ட சிறுபிள்ளைகளை ஆராய்ந்து, ஓராண்டில் அவர்களிடம் ‘பெண்ணென்றால் இப்படி’ என்னும் வார்ப்பு நடத்தை மிகுந்ததாக 2016-இல் எழுதினார்கள்; பின்னும் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, அத்தகைய குழந்தைகள் வளர்ந்தபின் ஆண்-பெண் சமத்துவத்திலும் தம் உடலைப் பற்றிய நிறைவிலும் மேம்பட்டிருந்ததாக 2021-இல் எழுதினார்கள். எனவே இளவரசிக் கதை கேட்டதனால் குழந்தை கெட்டுவிடுமென்று கூச்சலிடுவது வீண். ஆனால் அவர்கள் அளந்தது கதைகளிலும் பொம்மைகளிலும் கொண்ட ஈடுபாட்டை. பார்லர் நாற்காலியை அன்று. கதையில் இளவரசி ஏதாவது செய்தாக வேண்டும். நாற்காலியில் அவளுக்கு வேலையே இல்லை.

விளையாட்டா, விற்பனையா என்று பிரித்தறிய ஒரு பரீட்சை சொல்லுகிறேன். கிரீடம் வைத்திருக்கும் குழந்தையிடம், “உன் நாட்டில் எத்தனை யானை? என்ன சட்டம்? யாரைச் சிறையில் போட்டாய்?” என்று கேள். பழைய சேலையைத் தானே சுற்றிக்கொண்டு, அட்டைக் கிரீடத்தைத் தானே வெட்டி ஒட்டியவள், பள்ளிக்கூடத்தை மூடிவிட்டதாகவும் அண்ணனை மந்திரி வேலையிலிருந்து நீக்கியதாகவும் மூச்சுவிடாமல் சொல்லுவாள். அலங்கரிக்கப்பட்டவளோ, “நான் எப்படி இருக்கிறேன்?” என்று உன்னையே திருப்பிக் கேட்பாள்.

பார்லருக்கு முன்பணம் கட்டியாயிற்று என்று அக்காள் சொல்வாளானால், சண்டை போடாதே. போனபின் ஓர் ஏற்பாட்டை மட்டும் மாற்றச் சொல்: நாற்காலியில் தாய்மாரையும் சித்திமாரையும் உட்காரவைத்து, தூரிகையையும் சாயங்களையும் சிறுமியர் கையில் கொடுத்துவிடுங்கள். பணமும் வீணாகாது, குதூகலத்துக்கும் குறைவிராது, முகம் என்பது பூசி விளையாடக்கூடியதேயன்றி அஞ்சத்தக்கதன்று என்பதும் விளங்கும். முகங்கள் போதவில்லையானால் எனக்குச் சொல்லியனுப்பு, வருகிறேன்; மீசைக்கு மட்டும் சாயம் எட்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்.

அன்புடன்,
உன் பழைய தமிழாசிரியன்